கசெற்றும் றெக்கோட்டும் கொம்பியூட்டருக்குப் போன கதை: மூன்று வருசப் பாவனைக்குப் பிறகு

பெரியப்பா கிளிநொச்சியில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். கல்யாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, எங்கே பாட்டுப் போட்டாலும் அவருடைய செற்தான் போகும். அவர் விட்டுப்போனது ஒரு தகரப் பெட்டி நிறைய றெக்கோட்டும் நூற்றுச் சொச்சம் கசெற்றும். றெக்கோட் பெட்டி வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கிடந்து தப்பியது. கசெற்றுகளை 2008 கடைசியில் உரப் பையில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது முக்கால்வாசி நல்லபடி இருந்தன.

இவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றத் தொடங்கியது 2022இல். நேரம் பார்த்துத் தொடங்கினேன் என்று சொல்ல முடியாது. ரூபா விழுந்து, சாமான் விலை எல்லாம் ஏறி, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதனால்தானோ என்னவோ மலிவாகப் பார்த்து முதல் பிழையை விட்டேன்: உள்ளங்கை அளவு யூ.எஸ்.பி. கசெற் பிளேயர் ஒன்று. பேர் வேண்டாம். கசெற்றைப் போட்டு, வயரைக் குத்தி, பட்டனை அமத்தினால் வேலை முடிந்தது என்றுதான் பெட்டியில் எழுதியிருந்தது. வேலை முடிந்தது உண்மைதான். ஆனால் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் அது நேரே நிற்காமல் கொடியில் காயும் சாரம்போல ஆடியது. நாடாவை ஒரே வேகத்தில் இழுக்கப் பாரமான சக்கரம் ஒன்று உள்ளே சுழல வேண்டும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அதற்கு இடமே இல்லை.

அப்புறம்தான் பழைய டெக், அதாவது கசெற் போடுகிற பெரிய மெசின், தேடினேன். வவுனியாவில் றேடியோ திருத்துகிற ஒரு ஐயாவிடம் ஓடாத டெக்னிக்ஸ் டெக் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. "தம்பி, மோட்டர் நல்லா இருக்கு. பெல்ட்தான் பாணியாப் போச்சு" என்றார். மூடியைக் கழற்றினால் உண்மையிலேயே பாணிதான்; கறுப்பாக உருகி விரலில் ஒட்டியது. புது பெல்ட் போட்டு, இறப்பர் உருளையைத் துடைத்து, நாடாவை வாசிக்கிற தலையை ஐசோபுரோப்பில் அல்ககோலால் சுத்தம் செய்து தந்தார். மூன்று வருசமாக அதுதான் ஓடுகிறது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஓட்டோ ரிவேர்ஸ் இல்லாததாக எடுங்கள். பக்கம் மாறும்போது தலையும் திரும்புகிற டெக்குகளில் அந்தத் தலை நாளடைவில் இம்மி சரிந்துவிடும்.

அந்த இம்மிதான் எல்லாம். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பதிந்த மெசினின் தலையும் வாசிக்கிற மெசினின் தலையும் ஒரே சரிவில் இல்லாவிட்டால் கூர்மையான மேல்ச் சத்தம் செத்துவிடும். காத்தவராயன் கூத்துக் கசெற் ஒன்றை முதலில் போட்டபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. நாடா பழுதாகிவிட்டது என்று ஒதுக்கியும் வைத்தேன். பிறகு ஒருநாள் ஹெட்போனை மாட்டி, இடம் வலம் இரண்டு சனலையும் மோனோவாக ஒன்றாக்கி, பாட்டு ஓட ஓட அந்தத் திருகாணியைக் கால் சுற்று திருப்பினேன். தாளச் சத்தம் பளீரென்று வெளியே வந்தது. பின்னால் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. பெரியப்பாவின் கசெற்றுகள் நாலைந்து ரேப் றெக்கோடர்களில் பதிந்தவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் இப்படித் திருப்பித்தான் எடுக்கிறேன். கசெற்றுக்கு இரண்டு நிமிசம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

டெக்கிலிருந்து கொம்பியூட்டருக்குக் கொண்டுபோகிற பெட்டிக்கு நான் பெரிதாகக் காசு போடவில்லை. பெஹ்ரிங்கர் யூ.சீ.ஏ.202. பதினாறு பிட், 48 கிலோஹெர்ட்ஸ், அதற்குமேல் இல்லை. 24 பிட் இல்லாமல் என்ன பதிவு என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண கசெற்றில் இரைச்சலுக்கும் உச்சச் சத்தத்துக்கும் நடுவே 60 டெசிபெல்கூடத் தேறாது. பதினாறு பிட்டில் 96 இருக்கிறது. கிணற்று வாளியை நிரப்பக் குளம் வெட்டத் தேவையில்லை. உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லுக்கு மேலே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள். முதல் மாதம் முழுக்க ஒரு "ம்ம்ம்" இரைச்சலைத் தேடி வயர் வயராக மாற்றினேன். கடைசியில் குற்றவாளி சார்ஜர்தான்.

மின்வெட்டில் லப்டொப் நிற்காது, டெக் நின்றுவிடும். நாடா உருளைக்கும் தண்டுக்கும் நடுவே நெரிந்தபடி மணிக்கணக்காகக் கிடந்தால் அந்த இடத்தில் தழும்பு விழும். கரண்ட் போனதும் இருட்டில் ஓடிப்போய் ஸ்டொப் பட்டனை அமத்தப் பழகிக்கொண்டேன்.

றெக்கோட் பக்கம் கதை வேறு. 2023இல் கனடாவிலிருந்து வந்த மச்சான் ஓடியோ-டெக்னிக்கா எல்.பி.120எக்ஸ் என்ற றெக்கோட் பிளேயரைக் கொண்டுவந்தார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. எது வந்தாலும் சொருகுவதற்கு முன் வோல்ட் எழுதிய லேபிளை வாசித்துவிடுங்கள். இதை எடுக்கச் சொன்னதற்கு ஒரே காரணம் 78 வேகம், நிமிசத்துக்கு 78 சுற்று. பெரியப்பாவின் பெட்டியில் பாதி 78இல் சுற்றும் பழைய அரக்குத் தட்டு, மலிவான பிளேயர்களில் பல 33உம் 45உம் மட்டும்தான் சுற்றும். வேகம் மட்டும் போதாது, ஊசியும் மாற வேண்டும். 33இல் சுற்றும் எல்.பி. றெக்கோட்டின் பள்ளம் ஒடுக்கம், 78இன் பள்ளம் அகலம்; சாதாரண ஊசி அதன் அடியில் கிடந்து குப்பையைக் கிண்டும். ஊசியைத் தாங்குகிற அதே காட்ரிட்ஜில் மாட்டக்கூடிய 78 ஊசியைத் தனியாக வாங்கினோம். வீண்போகவில்லை. இன்னொன்று: 78 தட்டை அல்ககோலால் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஒரு தட்டின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்துத்தான் நானும் இதைப் படித்தேன்.

எங்கள் செம்மண் தூசிக்கு மூடி இல்லாமல் எதையும் வைக்க முடியாது. பங்குனி வெயிலில் தகரக் கூரையின் கீழும் வைக்க முடியாது, ஒரு எல்.பி. அப்பளமாக வளைந்துவிட்டது. தாட்டு எடுத்த கசெற்றுகளில் பதினாலில் வெள்ளைப் பூஞ்சணம். அவற்றை டெக்கில் போட்டால் பூஞ்சணம் தலைக்கும் ஏறி அடுத்த கசெற்றுக்கும் போகும், அதனால் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். சுத்தம் செய்வதென்றால் வாயை மூடிக்கட்டி வெளியே வைத்துத்தான்.

மென்பொருள் ஓடாசிற்றி. இலவசம், போதும். இரைச்சல் நீக்குவதை மட்டும் அளவோடு செய்யுங்கள். நானும் ஆசையில் கூட்டிப்போட்டு, கூத்தை நடத்துகிற அண்ணாவியாரைக் குளத்துக்குள் இறக்கியவன்தான். எடுத்தபடியே ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிட்டு மற்றதில் விளையாடலாம். 90 நிமிசக் கசெற் ஒன்று பதினாறு பிட் வேவ் கோப்பாக ஏறக்குறைய 1 ஜி.பி. வரும்.

வேகம்தான் எங்கள் கசெற்றுகளின் தனி நோய். கரண்டில் பதிந்ததென்றால் அடியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் இருக்கும். அது 52இல் தெரிந்தால் அந்தக் கணக்குக்கு இறக்கிவிடலாம். தொண்ணூறுகளில் இங்கே கரண்டும் இல்லை, பற்றறி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றித்தான் ரேப் றெக்கோடர் ஓடியது. சுற்றுகிறவன் களைத்தால் நாடா மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் போட்டால் குரல் உயர்ந்து கீச்சிடும். ஓடாசிற்றியில் வேகத்தை மாற்றுகிற டைம் ட்ராக்கில் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் இதைத் திருத்த வேண்டும். கூத்துக் கசெற் என்றால் ஆர்மோனியத்தின் சுருதி கைகொடுக்கும். பேச்சுக் கசெற்றுக்குக் காதுதான்.

அப்படி ஒன்று, 1996இல் அம்மா கனடாவிலிருந்த அண்ணாவுக்குப் பேசிப் பதிந்தது. கொண்டுபோக ஆள் கிடைக்காமல் பெரியப்பாவின் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. பசு கன்று போட்டது, கிணறு வற்றியது, சாப்பிட்டாயா என்று பத்து நிமிசம் நல்ல குரல். பிறகு மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் அம்மா அணில்மாதிரிக் கதைக்கிறா. அதை மட்டும் திருத்தாமல் போன வருசம் அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் எடுத்தார்.

"டேய், பெடல் சுத்தினது நீதானே?"

"ஓம் அண்ணா."

"பத்து நிமிசம் சுத்த ஏலாமப் போச்சோ உனக்கு?"