மருமகனிடம் கொடுப்பதா, மங்கியை ஓடவிடுவதா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கும் அக்கா ஒருவருக்கு பில் போடும் ஆப் எழுதிக் கொடுத்தேன். சனம் நிற்கும் நேரத்தில் அது விழுந்துவிடக் கூடாது, அதாவது திடீரென்று நின்றுபோகக் கூடாது. சோதிக்கத் தனியாக ஆள் வைக்க வசதியில்லை. அதனால் இரண்டு வழிகளில் முயன்றேன்.

முதலில் நாலு வயது மருமகனிடம் போனைக் கொடுத்தேன். செலவில்லை, ஆயத்தமும் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில், "மாமா, இது நிண்டிட்டுது" என்று கொண்டுவந்தான். எதை அழுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. நிரலின் எந்த வரியில் விழுந்தது என்பது லாக்கில், அதாவது போன் எழுதிவைக்கும் பதிவில், இருந்தது. எந்த வழியாக அங்கே போனது என்பது இல்லை. அன்றிரவு முழுக்கத் தட்டிப் பார்த்தும் அந்தப் பிழை திரும்ப வரவேயில்லை.

அடுத்தது, ஆண்ட்ராய்டோடு வரும் 'மங்கி' கருவி. அது கண்டபடி தொடும், இழுக்கும், பட்டன்களை அழுத்தும். ஆப் விழுந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நான் இதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் அதன் சீட் (seed) எண், அதாவது தொடக்க எண். அதே எண்ணைக் கொடுத்தால் அதே தொடுகைகள் அதே வரிசையில் வரும். 5000 தொடுகைகள் கொடுத்ததில், பில் சேமிக்கப்படும் அந்தக் கணத்தில் 'பேக்' அழுத்தப்பட்டு ஆப் விழுந்தது. அதே எண்ணோடு மறுபடி ஓட்டினேன், மறுபடி விழுந்தது. திருத்தியபின் ஓட்டினேன், தாண்டிப் போனது. பிழை போய்விட்டது என்று நம்பிச் சொல்ல எனக்கு இது வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆப்பின் தரவை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தொடுகை ஒன்றாக இருந்தாலும் விளைவு மாறும். சொந்தப் போனில் ஓட்ட வேண்டாம், மங்கி வைஃபையைக்கூட நிறுத்திவிடக்கூடும்.

கண்டபடி கொடுப்பது வீண்வேலை இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் குழு தாறுமாறான எழுத்துகளை யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரல்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. சோதித்த எந்த யூனிக்ஸ் பதிப்பிலும் 25 முதல் 33 சதவீத நிரல்கள் விழுந்தன என்று 1990இல் எழுதினார்கள்.

ஆனால் மங்கிக்குக் கடை தெரியாது. அளவு கேட்கும் இடத்தில் அக்கா 'அரை' என்று தமிழில் எழுதினார், ஆப் உடனே விழுந்தது. அது மங்கிக்கு எந்தக் காலத்திலும் தோன்றாது. நான் பார்த்தது ஒரே ஒரு சிறிய ஆப்தான், பெரியவற்றில் கணக்கு மாறலாம். இப்போது புதுப் பதிப்பு முடிந்ததும் பழைய சீட் எண்களோடு மங்கியை இரவில் ஓட்டுகிறேன். காலையில் போன் அக்காவின் கைக்குப் போகிறது.