ட்ரையத்லான் நீச்சலுக்கு புதுசா வர்றவங்க எதை வாங்கலாம், எதை விடலாம்: காகிள்ஸ்ல இருந்து வெட்சூட் வரைக்கும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணும் ஒரே ரேஸ்ல வர்றதுதான் ட்ரையத்லான். முதல் ட்ரையத்லானுக்கு பேர் கொடுத்துட்டு நீச்சல் சாமான் வாங்கக் கிளம்புறவங்க நிறைய பேர் யூடியூப் பாத்து ஒரு லிஸ்ட்டோட வர்றாங்க, அதுல முதல் ஐட்டமே வெட்சூட், அதாவது குளிர் தாங்க உடம்போட ஒட்டிப் போடுற ரப்பர் உடை. அந்த வீடியோ போட்டவர் எங்கயோ குளிர்ந்த ஏரில நீந்துறவர், அவருக்கு அது அவசியம். நம்மாளுங்க முதல்ல போறது பெரும்பாலும் கோவா 70.3 (அயர்ன்மேன் கம்பெனியோட பாதித் தூர ரேஸ்), இல்லன்னா உள்ளூர்ல நடக்குற, அதவிடச் சின்ன ஸ்பிரிண்ட், ஒலிம்பிக் தூர ரேஸ், எல்லாமே வெதுவெதுப்பான தண்ணி. அதனால எந்த தண்ணில நீந்தப் போறீங்க, உங்க முக அமைப்பு எப்படி, இந்த ரெண்டையும் வெச்சுத்தான் வாங்கணும். விலையும் பிராண்டும் அதுக்கப்புறம்தான்.

காகிள்ஸ்

மொத்த பட்ஜெட்ல எதுல அதிக கவனம் வேணும்னு கேட்டா நான் யோசிக்காம காகிள்ஸ்னுதான் சொல்லுவேன். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல்ல 200 மீட்டர்லயே ஒரு கண்ணுல உப்புத்தண்ணி ஏறிடுச்சுன்னா மிச்ச தூரம் நரகம், வழி காட்டக் கடல்ல போட்டிருக்குற மிதவை எங்க இருக்குன்னே தெரியாது.

கடைல பாத்தீங்கன்னா மூணு வகை இருக்கும். முதல் வகை சின்ன ரேசிங் காகிள்ஸ், ஸ்பீடோ வான்குவிஷர், அரீனா கோப்ரா மாதிரி. கண்ணுக்குழிக்குள்ள ஒட்டி உக்காரும், தண்ணில இழுவை கம்மி, டைவ் அடிச்சாலும் நகராது, ஆனா பார்வை அகலம் கம்மி, அழுத்தமும் ஜாஸ்தியா தெரியும். ரெண்டாவது மீடியம் சைஸ், சுத்தி மெத்துனு சிலிக்கான் ரப்பர் வெச்சது, ஸ்பீடோ ஃபியூச்சுரா பயோஃபியூஸ், ஸாக்ஸ் ப்ரிடேட்டர், அக்வா ஸ்பியர் கயென் எல்லாம் இந்தப் பக்கம். மூணாவது மாஸ்க் மாதிரி பெருசு, அக்வா ஸ்பியர் விஸ்டா மாதிரி. பக்கவாட்டுலயும் நல்லா தெரியும், கண்ணைச் சுத்தி அழுத்தமே இருக்காது, தண்ணியப் பாத்து பயப்படுறவங்களுக்கு பெரிய தைரியம். ஆனா பெருசா இருக்குறதால கூட்டத்துல யாராவது கை பட்டா எகிறிடும். ஸ்வீடிஷ் காகிள்ஸ்னு ஒண்ணும் இருக்கு, மால்ம்ஸ்டன் கம்பெனியோடது, கண்ணைச் சுத்தி ரப்பரே கிடையாது, மூக்குக்கயிறை நாமளே கோத்து கட்டணும். ரொம்ப மலிவு, போட்டி நீச்சல்காரங்க உயிரா நினைப்பாங்க. ஆரம்பத்துல வேண்டாம், மூஞ்சில தட்டு வாங்குனா எலும்புல வலிக்கும்.

என் ஓட்டு ரெண்டாவது வகைக்குத்தான். கடல்ல ஏழெட்டு ஸ்ட்ரோக்குக்கு ஒரு தடவை தலையத் தூக்கி மிதவையப் பாக்கணும், அந்த ஒரு நொடில அகலமா தெரியுறது பெரிய விஷயம், அதே சமயம் இடிபட்டாலும் ஓரளவு தாங்கும்.

ஃபிட் பாக்குறது எப்படின்னா, கடைலயே ஸ்ட்ராப்ப தலைக்குப் போடாம லென்ஸை மட்டும் கண்ணு மேல வெச்சு லேசா அழுத்திட்டு கைய எடுங்க. ஒரு ரெண்டு நொடியாவது தானா ஒட்டி நிக்கணும். உடனே விழுந்தா அது உங்க முகத்துக்கு இல்ல, எவ்வளவு ஆஃபர் போட்டாலும் வெச்சுட்டு வந்துருங்க. மூக்குப் பக்கத்து ஓரத்துல இடைவெளி தெரிஞ்சா மூக்குத்துண்டை மாத்திப் பாருங்க, வான்குவிஷர் மாதிரி சிலதுல டப்பாக்குள்ளயே வேற சைஸ் துண்டு வரும். மேல் விளிம்பு புருவ எலும்பு மேல ஏறக்கூடாது, புருவமுடி ரப்பருக்கு அடில மாட்டுனாலே கசியும். தண்ணி வருதுன்னு ஸ்ட்ராப்ப இறுக்கிட்டே போறவங்களத்தான் நீச்சல் குளத்துல அதிகமா பாக்குறேன், அப்படி இறுக்குனா ரப்பர் கோணி இன்னும் கசியும், தலைவலி வேற. ஸ்ட்ராப் வேலை பிடிச்சு வெக்கிறது மட்டும்தான், தண்ணிய நிறுத்துறது ரப்பரும் முகமும் சேர்ற இடம். பின்னாடி ரெண்டு பட்டை இருந்தா ஒண்ணா சேத்துப் போடாம ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு கொஞ்சம் பிரிச்சுப் போடுங்க.

லென்ஸ் கலர்ல ரொம்ப குழம்ப வேண்டாம். இன்டோர் குளம், விடியறதுக்கு முன்னாடி ப்ராக்டிஸ், இதுக்கெல்லாம் கிளியர் இல்லன்னா லைட் ப்ளூ. கடலுக்கு மிரர் (வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்குறது) இல்லன்னா ஸ்மோக் (கருப்புச் சாயம்). சென்னைல பெசன்ட் நகர், கோவளம்னு எங்க இறங்குனாலும் காலைல உள்ள போறப்ப சூரியன் நேர் எதிர்ல, கிளியர் லென்ஸ்ல மிதவையே தெரியாது, வெறும் வெளிச்சம்தான். கோவா மிராமர் பீச் மேற்குக் கரைல இருக்கு, அதனால அங்க காலைல கரைக்குத் திரும்பி வர்றப்பதான் கண்ணு கூசும். போலரைஸ்டு லென்ஸ் தண்ணி மேல பளபளப்ப கொறைக்கும், நல்லாத்தான் இருக்கும், ஆனா விலை ஏறிடும், முதல் ரேஸுக்கு மிரரே தாராளம்.

பவர் கண்ணாடி போடுறவங்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்றேன், கான்டாக்ட் லென்ஸ் போட்டு நீந்தாதீங்க. தண்ணில இருக்குற அகந்தமீபாங்கிற கிருமி லென்ஸுக்கு அடில தங்கி கருவிழில தொற்று உண்டாக்கலாம், அரிதுதான், ஆனா வந்தா பார்வையே போற அளவுக்கு மோசமானது. பவர் காகிள்ஸ் இப்ப சுலபமா கிடைக்குது. டெக்கத்லான்ல இடது லென்ஸ், வலது லென்ஸ் தனித்தனியா வாங்கி மாட்டிக்கிற மாதிரியே இருக்கு, ரெண்டு கண்ணுக்கும் வேற பவர் இருக்குறவங்களுக்கு அது நல்ல வழி. இதுல வர்றது வெறும் மைனஸ் பவர்தான், சிலிண்டர் பவர் (அஸ்டிக்மேடிசத்துக்குக் கொடுக்குறது) இருக்காது. சிலிண்டர்ல பாதிய ஸ்ஃபியர்ல, அதாவது சாதாரண பவர்ல சேத்துக்கலாம், அதாவது ஸ்ஃபியர் மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 1னா மைனஸ் 3.5 எடுங்க. சிலிண்டர் அதிகமா இருந்தா மட்டும் கண் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ட்ரெஸ்: குளத்துக்கு ஒண்ணு, ரேஸுக்கு ஒண்ணு

ட்ரைசூட்ங்கிறது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணுக்கும் மாத்தாம போடுற ஒரே ட்ரெஸ். அதுல ஒண்ணு வாங்கி குளத்துக்கும் அதையே போட்டுக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பண்ணாதீங்க. குளோரின் எலாஸ்டிக் நூலை தின்னுடும், சில மாசத்துல பின்பக்கம் தளந்து கண்ணாடி மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும். குளத்துக்கு முழுக்க பாலியெஸ்டர், இல்லன்னா பிபிடி (இதுவும் ஒரு வகை பாலியெஸ்டர்) கலந்த துணில, ஆண்களுக்கு ஜாமர் (முட்டி வரைக்கும் வர்ற இறுக்கமான ட்ரவுசர்), பெண்களுக்கு லெக்சூட் (கால் வெச்ச நீச்சலுடை) வாங்குங்க, லைக்ரா அளவுக்கு இழுபடாது ஆனா குளோரினுக்கு பல மடங்கு தாங்கும். முட்டி வரைக்கும் வர்ற லெக்சூட் நம்ம ஊர் பொதுக்குளங்கள்ல பெண்களுக்கு கூச்சமில்லாம வசதியாவும் இருக்கும். முழுக்கை வெச்ச லூஸான டாப் மட்டும் தவிருங்க, கைய இழுக்குறப்ப தண்ணி உள்ள பூந்து தோள்பட்டைய சீக்கிரம் சோர்வாக்கிடும்.

ரேஸுக்கு ட்ரைசூட், அதுல ஒன் பீஸா டூ பீஸா? ஒன் பீஸ் தண்ணில சுத்தமா இருக்கும், இடுப்புல தண்ணி ஏறாது, சைக்கிள்ல குனியுறப்ப முதுகு தெரியாது. டூ பீஸ்ல டாப் மேல சுருண்டுக்கிட்டு வரும், இடுப்பு ஓரத்துல உரசும். ஆனா டாய்லெட்னு வந்துட்டா டூ பீஸ்தான் ராஜா, அதுவும் பெண்களுக்கு. 70.3ங்கிறது ஆரம்ப ஆளுங்களுக்கு ஆறு, ஏழு, எட்டு மணி நேரம்கூட ஆகும், ஈரமான ஒன் பீஸை தோள்ல இருந்து உரிச்சு இறக்கி திரும்ப ஏத்துறது பெரிய போராட்டம். ஸ்பிரிண்ட், ஒலிம்பிக் தூரத்துக்கு ஒன் பீஸ், 70.3க்கு பெண்களுக்கு டூ பீஸ்னுதான் நான் சொல்லுவேன். கை வெச்சதா ஸ்லீவ்லெஸ்ஸான்னு கேட்டா, வெயில்ல சைக்கிளும் ஓட்டமும் இருக்குறதால கை வெச்சது தோளைக் காப்பாத்தும், ஆனா தோள் ஃபிட் கொஞ்சம் தப்புனாலும் நீச்சல்ல ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இழுக்கும். போட்டுப் பாக்க வழியில்லாம ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா ஸ்லீவ்லெஸ் பாதுகாப்பு.

ட்ரையல் ரூம்ல நிமிந்து நின்னு கண்ணாடி பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு கையையும் தலைக்கு மேல நீட்டுங்க, சுத்துங்க, அப்புறம் சைக்கிள் ஹேண்டில் பிடிக்கிற மாதிரி குனியுங்க. நிமிந்து நிக்கிறப்ப கழுத்தும் தோளும் லேசா இழுத்துப் பிடிச்சு, குனிஞ்சதும் சரியா உக்காந்தா அதுதான் உங்க சைஸ். நிக்கிறப்பவே ஹாயா இருந்தா தண்ணில நனைஞ்சதும் தொளதொளன்னு ஆயிடும். உள்ள ஜட்டி போடாதீங்க, ஈரத் தையல் தொடைய அறுத்துடும், ட்ரைசூட்ல இருக்குற மெல்லிசு பேட் நேரா உடம்புல படுறதுக்குத்தான் செஞ்சது. பெண்கள் சூட்லயே சப்போர்ட் போதலன்னா சீக்கிரம் காயுற ஸ்போர்ட்ஸ் ப்ரா உள்ள போட்டுக்கலாம், காட்டன் கூடவே கூடாது.

வெட்சூட்டும் ஸ்விம்ஸ்கின்னும்

வெட்சூட்ங்கிறது நியோப்ரீன்கிற ரப்பர்ல செஞ்சது, குளிரைத் தடுக்குறதோட மிதக்கவும் வெக்கும், கால் தானா மேல வந்துடும், அதனாலதான் நீச்சல் வீக்கா இருக்குறவங்களுக்கு அது மேல அவ்வளவு ஆசை. ஆனா தண்ணி சூட்டை வெச்சு ரூல் இருக்கு. அயர்ன்மேன் ரேஸ்கள்ல 24.5 டிகிரி வரைக்கும்தான் சாதாரணமா அனுமதி, உலக ட்ரையத்லான் விதில 1500 மீட்டர் வரைக்குமான நீச்சல்ல ஏஜ் குரூப் ஆளுங்களுக்கு (வயசுப் பிரிவுல போட்டியிடுற அமெச்சூர்கள்) 22 டிகிரி தாண்டுனாலே தடை. சென்னைக் கடல் ஜனவரிலகூட 25க்கு மேலதான் இருக்கும். அப்ப இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கி என்ன பண்றது? ரேஸ்ல போட முடியாது, ப்ராக்டிஸ்ல போட்டா உடம்பு சூடேறி மயக்கம் வர்ற அபாயம் வேற.

ஐரோப்பா, நியூசிலாந்து பக்கம் ரேஸ் போறவங்களுக்குத்தான் கண்டிப்பா வேணும். அப்பவும் டைவிங் வெட்சூட், சர்ஃபிங் வெட்சூட்ட யார்கிட்டயாவது கடன் வாங்கிட்டுப் போகாதீங்க, அதுல தோள் விறைப்பா இருக்கும், ட்ரையத்லான் வெட்சூட்ல கைப்பகுதி மெல்லிசா, உடம்பும் காலும் தடிமனா வரும், உச்ச வரம்பு 5 மில்லிமீட்டர். போடுறப்ப காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிட்டா வழுக்கிட்டு ஏறும், நகத்தால இழுக்காம விரல் நுனியால கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க. கவட்டில இடைவெளி விட்டுட்டா மொத்த சூட்டும் தோளைக் கீழ இழுக்கும், தோள் இறுக்கம்னு நினைக்கிறது நிறைய தடவை அதனாலதான். கழுத்து நெரிக்கிற மாதிரி இருந்தா தண்ணில பீதி வரும், வாங்குனதும் ரெண்டு மூணு தடவை நீந்திப் பழகாம ரேஸுக்குப் போகக்கூடாது.

ஸ்விம்ஸ்கின்ங்கிறது ட்ரைசூட்டுக்கு மேல போட்டு, நீந்தி முடிச்சதும் கழட்டுற மெல்லிசு துணி உடை, தண்ணி ஒட்டாத கோட்டிங் இருக்கும், வெட்சூட் தடையான ரேஸ்ல போடலாம். மிதக்க வெக்காது. போடியம் ஏற நினைக்கிறவங்களுக்கு அந்த சில நொடி முக்கியம். முதல் ரேஸ் ஆளுங்க அந்தக் காசுல கோச்கிட்ட நாலு க்ளாஸ் போனா நிமிஷக் கணக்குல கொறையும்.

தொப்பி

லேட்டக்ஸ் மெல்லிசு, முடியப் பிடிச்சு இழுக்கும், சீக்கிரம் கிழியும். சிலிக்கான் கொஞ்சம் விலை அதிகம், வருஷக்கணக்கா வரும், நீளமான முடிக்கு அதுதான். துணித் தொப்பி தண்ணி குடிச்சிட்டு கழண்டு வரும், விட்டுருங்க. ரேஸ்ல அவங்க கொடுக்குற தொப்பியத்தான் வெளில தெரியிற மாதிரி போடணும், அதனால உங்க சிலிக்கான் தொப்பி உள்ள, அது மேல காகிள்ஸ் ஸ்ட்ராப், அது மேல ரேஸ் தொப்பின்னு போட்டா கூட்டத்துல யார் கை பட்டாலும் காகிள்ஸ் கடலுக்குள்ள போகாது.

குளத்து சாமான்

ஃபின்ஸ் (கால்ல மாட்டுற துடுப்பு), பேடில் (கைல மாட்டுற தட்டு), புல் பாய் (தொடைக்கு நடுவுல வெச்சு காலை மிதக்க வெக்கிற துண்டு), ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்)னு ஒரு பை நிறைய வாங்கத் தேவையில்ல. ஒண்ணு மட்டும்னா சின்ன ஃபின்ஸ் வாங்குங்க, ஓட்டம், சைக்கிள்ல இருந்து வர்றவங்களுக்கு கணுக்கால் விறைப்பா இருக்கும், அது இளக உதவும். புல் பாய் வசதியா இருக்கும், அதுதான் பிரச்சனையே, அத வெச்சுக்கிட்டே நீந்திப் பழகிட்டு ரேஸ்ல கால் மூழ்குறப்ப தவிப்பாங்க. பேடில் தோள் பலம் வர்ற வரைக்கும் வேண்டவே வேண்டாம்.

இழுவை மிதவை

இடுப்புல கயித்தால கட்டி பின்னாடி இழுத்துட்டுப் போற காத்தடைச்ச பை இது, மத்தவங்க கண்ணுல நீங்க படுறதுக்கு. கடல்ல பழகுறவங்களுக்கு காகிள்ஸுக்கு அடுத்து இதத்தான் சொல்லுவேன், வெட்சூட்டோட விலைல சின்னப் பங்குதான். ரெண்டு வகை, வெறும் காத்தடைச்சது, இல்லன்னா சாவி, போன் வெக்க பையோட வர்றது. பை வெச்சதுல எடை ஏறுனா அலைல இழுக்கும், அதனால சாவி மட்டும் வெச்சுட்டு மிச்சத்த கரைல யார்கிட்டயாவது கொடுங்க. காத்தறை ரெண்டு இருக்கா பாருங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். கலர் ஆரஞ்சு இல்லன்னா நியான் பச்சை, நீலம் கண்டிப்பா வேண்டாம், காலைல திரும்பி வர்ற ஃபைபர் போட்டுக்காரங்க கண்ணுல நீங்க படணும். கயிறு இடுப்புல கட்டுனதும் மிதவை முட்டிக்கு மேலயே நிக்கணும், நீளமா விட்டா கால் உதைக்கிறப்ப மாட்டும். இது உயிர்காக்கும் ஜாக்கெட் இல்ல, தனியா இறங்க அனுமதிச் சீட்டும் இல்ல. பெசன்ட் நகர் பீச்ல நாம படம் எடுத்துக்குற ஷ்மிட் நினைவுச்சின்னமே 1930ல அந்தக் கடல்ல மூழ்கினவங்களக் காப்பாத்தப் போய் உயிர விட்ட டேனிஷ் மாலுமிக்குக் கட்டுனதுதான். கடல் தெரிஞ்ச ஆளோட, குரூப்பா மட்டும் இறங்குங்க.

கடைசியா உரசல் விஷயம். கழுத்து, அக்குள், தொடைல வாசலின் தடவுங்க, ஆனா காகிள்ஸ மாட்டி முடிச்சதுக்கு அப்புறம் தடவுங்க, இல்லன்னா கைல இருக்குற பிசுக்கு லென்ஸ்ல ஒட்டி மொத்த நீச்சலும் மங்கலாத்தான் தெரியும். வெட்சூட் போடுறவங்க வாசலினுக்கு பதிலா அதுக்குன்னே விக்கிற ஸ்டிக் வாங்கிக்கோங்க, பெட்ரோலியம் ஜெல்லி நியோப்ரீனுக்கு ஆகாது. லென்ஸோட உள்பக்கத்த விரலால தேய்க்காதீங்க, பனி படியாத கோட்டிங் போயிடும், நல்ல தண்ணில அலசி நிழல்ல காய வெச்சா போதும்.