பிரிப்பொசிஷன் பயிற்சிச் செயலி: வாங்கலாம், ஒரு பாடத்தைத் தவிர்த்து

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களுக்காகத்தான் ஆங்கில பிரிப்பொசிஷன்களுக்கான, அதாவது 'ஆன்', 'பை' போல இடம், காலம் முதலியவற்றைக் காட்டும் சிறு சொற்களுக்கான, இந்தச் செயலியைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

இதில் மிகச் சிறப்பானது 'பை', 'அன்டில்' பாடம். 'ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள் எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். 'ஸ்டே அன்டில் ஃப்ரைடே' என்றால் அதுவரை இருந்துகொண்டே இருக்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலில் இது மாறிப்போனால் கெடு தேதியே குழம்பிவிடும். செயலி விதியை ஒப்பிக்கச் சொல்வதில்லை. காலக்கோட்டில் ஒரு புள்ளியையும் நீளும் கோட்டையும் காட்டி, எது பொருந்தும் என்று கேட்கிறது. இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

'சின்ஸ்', 'ஃபார்' பாடமும் சரிதான். தொடங்கிய நேரத்துக்கு முதலாவது, கால அளவுக்கு இரண்டாவது.

எரிச்சல் தந்தது 'பிட்வீன்', 'அமங்' பகுதி. இரண்டுக்கு 'பிட்வீன்', அதற்கு மேல் போனால் 'அமங்' என்று ஒரே போடாகப் போடுகிறது. அப்படி இல்லவே இல்லை. தனித்தனியாக எண்ணக்கூடிய மூன்று நாடுகள் என்றால் 'அன் அக்ரிமென்ட் பிட்வீன் த்ரீ கன்ட்ரீஸ்' என்பதே இயல்பான ஆங்கிலம். சரியாக எழுதியவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது என்ன நியாயம்? 'அட் த வீக்எண்ட்' என்ற பிரிட்டிஷ் வழக்கையும் தவறு என்கிறது. அமெரிக்கர்களின் 'ஆன்' மட்டும்தான் செல்லுமாம். அப்புறம், ஒலிப்பதிவுகள் சுமார் ரகம்.

ஓரளவு ஆங்கிலம் தெரிந்தும் எழுதத் தயங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். 'பிட்வீன்' பாடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.