டுரானா, விற்றேக்கரா? 12 சுற்றா, 15 சுற்றா?

டச்பே கடற்கரையில் பின்னேரங்களில் வலை பொத்தும் அண்ணை ஒருவருக்கும் எனக்கும் தீராத வாக்குவாதம் ஒன்று இருக்கிறது. குத்துச்சண்டையின் லைட்வெயிட் பிரிவில், அதாவது 135 இறாத்தலில், எல்லாக் காலத்து வீரர்களையும் ஒரே மேடையில் ஏற்றினால் யார் மிஞ்சுவார்? "தம்பி, டுரானை மறிக்க ஆர் இருக்கினம்?" என்பார் அவர். நான் பேர்னெல் விற்றேக்கர் பக்கம்.

முதலில் அண்ணையின் ஆள். 1972 ஜூனில், நியூயோர்க் மடிசன் ஸ்குயார் கார்டனில், ஸ்கொட்லாந்தின் கென் பியூக்கனனிடமிருந்து பட்டத்தைப் பறித்தபோது பனாமாவின் ரொபேர்ட்டோ டுரானுக்கு வயது 21. 13ஆம் சுற்றின் முடிவில் விழுந்த அடி இடுப்புப் பட்டிக்குக் கீழே பட்டது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் அதற்கு முன்பே சண்டை டுரான் கையில்தான் இருந்தது. பியூக்கனனின் இடக்கை ஜப், அதாவது தூரத்திலிருந்து நேராக நீட்டும் குத்து, அருமையானது. அதைத் தலையசைப்பாலேயே தாண்டி டுரான் உள்ளே போனார், போய்க்கொண்டே இருந்தார். இவரைக் கண்மூடித்தனமாகப் பாய்கிறவர் என்று சொல்பவர்கள் சண்டையைச் சரியாகப் பார்க்கவில்லை. கரைவலை இழுப்பது போன்ற வேலை அது. இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல ஒடுங்கிவரும். மடி கரையை நெருங்கும்போதுதான் மீன் துள்ளத் தொடங்கும்.

விற்றேக்கர் இடக்கைக்காரர், 1984 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். முழங்காலை மடித்து எதிராளியின் இடுப்பளவுக்குத் தாழ்வார். அடி தலைக்கு மேலால் போகும். நிமிரும்போது பக்கவாட்டில் நிற்பார். ஓடி ஒளிகிற ஆட்டமல்ல இது. எட்டித் தொடக்கூடிய தூரத்திலேயே நின்று தொடவிடாமல் செய்வார். 1988இல் பாரிஸில் ஹொசே லூயிஸ் ராமிரெஸிடம் தோற்றதாக நடுவர்கள் எழுதியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அடுத்த ஆண்டே அவரைத் தெளிவாக வென்று கணக்கைத் தீர்த்தார். 1990இல் கானாவின் அசுமா நெல்சனையும் வென்றார். அதே ஆண்டு, பலமான அடி இல்லாதவர் என்று பெயரெடுத்த இவரே, ஹுவான் நசாரியோவை முதல் சுற்றில் வீழ்த்தி, வெவ்வேறு அமைப்புகளின் பட்டங்களை ஒன்றாக்கினார்.

இருவரும் மோதினால்? என் முதல் சாட்சி 1993 சான் அன்டோனியோ. நெருங்கி நெருங்கி உடம்பில் அடிக்கும் ஹூலியோ சேசர் சாவேஸை விற்றேக்கர் தவறவிடவைத்தே களைக்கச் செய்தார். தீர்ப்பு சமநிலை என்றார்கள். என் கணக்கில் அது விற்றேக்கரின் வெற்றி. இரண்டாவது சாட்சி 1980 நவம்பர், நியூ ஓர்லீன்ஸ்: நிற்காமல் நகர்ந்த சுகர் ரே லெனார்டுக்கு எதிரே எட்டாம் சுற்றில் டுரான் போதும் என்று விட்டுவிட்டார். அண்ணை உடனே மறிப்பார்: "அது 147 இறாத்தல் சண்டையல்லோ! அந்த டுரான் வேற, இந்த டுரான் வேற." அது நியாயமான பேச்சு. 135இல் இருந்த டுரானின் கால்கள் பின்னாளில் அவரிடம் இல்லை. அதே ஆண்டு ஜூனில் மொன்ட்ரியலில், 15 சுற்றுகள் நெருக்கியே இதே லெனார்டை அவர் வென்றதையும் மறைக்க முடியாது.

ஆகவே விடை வீரர்களோடு மட்டும் நிற்பதில்லை. 1982 நவம்பரில் லைட்வெயிட் பட்டச் சண்டை ஒன்றில், ரே மன்சினியுடன் மோதிய கொரியாவின் டுக் கூ கிம் 14ஆம் சுற்றில் வீழ்ந்தார். சில நாட்களில் இறந்துபோனார். அதன் பின்னரே 15 சுற்று 12 ஆகத் தொடங்கியது. அந்தக் குறைப்பு சரியானதுதான், ஓர் இளைஞனின் உயிர் போன பிறகு வந்தது என்பதுதான் வேதனை. ஆனால் நம் கற்பனைச் சண்டையில் அந்த மூன்று சுற்றுகள்தான் டுரானின் அறுவடைக் காலம். இன்றைய விதி அவருக்குக் கொடுப்பதும் ஒன்று உண்டு: முதல்நாளே எடை பார்ப்பது. எடையைக் குறைக்கப் பாடுபட்ட அவர் ஒரு நாள் தின்று குடித்துத் தேறி வந்தால் மேடையில் இன்னும் பாரமாக இருப்பார். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, 12 சுற்றில் விற்றேக்கர், 15இல் டுரான் என்பேன். இரண்டும் மயிரிழையில்.

நூறு வருடத்துக்கு முந்திய லைட்வெயிட் வீரர்களான ஜோ கான்ஸ், பெனி லெனார்ட் சோடிக்கும் இதே கதைதான். கான்ஸ் 1906இல் நெவாடாவின் கோல்ட்ஃபீல்டில் பட்லிங் நெல்சனோடு 42 சுற்றுகள் நின்றவர். நெல்சனின் தவறான அடியால் சண்டை முடிந்தது, வெற்றி கான்ஸுக்கு. சுற்றுக்கு எல்லையில்லாத சண்டை என்றால் நான் கான்ஸைத்தான் எடுப்பேன். பெனி லெனார்ட் 1917இல் பிரெடி வெல்ஷை ஒன்பதாம் சுற்றில் நிறுத்திப் பட்டம் வாங்கினார். புள்ளித் தீர்ப்பு இல்லாத சண்டை அது. நொக்கவுட் ஒன்றே வழி. 15 சுற்று என்றால் அவருடைய வேகம் போதும். நம் காலத்து உக்ரைன் வீரர் லொமச்சென்கோவின் காலாட்டம் கண்ணுக்கு விருந்து, ஆனால் 2020இல் தியோபிமோ லோபெஸிடம் முதல் பாதியைச் சும்மா கொடுத்த ஒருவரை இந்த நால்வருக்கு எதிரே நிறுத்த எனக்கு மனமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அண்ணை என்னை மடக்கிவிடுவார். 1972 நவம்பரில் எஸ்தேபன் டி ஹெசூஸ் டுரானை முதல் சுற்றிலேயே விழுத்திப் புள்ளியில் வென்றார். 1974இல் மீண்டும் முதல் சுற்றிலேயே விழுத்தினார். இம்முறை டுரான் எழுந்துவந்து 11ஆம் சுற்றில் முடித்தார். 1978இல் மூன்றாவது சண்டை 12ஆம் சுற்றில் நின்றது. தோற்ற ஆளிடமே படித்துக்கொண்டு திரும்பி வருகிறவர் அவர். முதற்சண்டை விற்றேக்கருக்கு என்று நான் அடித்துச் சொல்வேன். "ரெண்டாஞ்சண்டை?" என்று அண்ணை வலையிலிருந்து தலை நிமிர்த்திக் கேட்டால், அதை அவருக்குத்தான் விடவேண்டியிருக்கிறது.