பழைய ஸ்னூக்கர் மேசை வாங்க இருப்பவர்களின் கவனத்திற்கு

கொழும்பில் மூடப்பட்ட கழகமொன்றிலிருந்து கழற்றிய பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் (கோலால் பந்துகளை அடித்து விளையாடும், பில்லியர்ட்ஸ் இனத்து ஆட்டம்) மேசை, அசல் சிலேட் கற்பலகையுடன் விற்பனைக்கு இருப்பதாகச் சொல்லி, யாழ்ப்பாணத்தில் உள்ளவர்களுக்கு வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பிவரும் ஒரு வியாபாரியிடம் எங்கள் சனசமூக நிலையம் பெருந்தொகையை இழந்துவிட்டது. இன்னும் சிலர் அவரிடம் விலை பேசிக்கொண்டிருப்பதாக அறிந்ததால் நடந்ததை விபரமாக எழுதுகிறேன்.

அவர் குறிவைப்பது எங்கள் தலைமுறையை. எழுபதுகளில் கொழும்பில் உத்தியோகம் பார்த்த எங்களுக்கு, கந்தோர் விட்ட பின் பில்லியர்ட்ஸ் மண்டபத்தில் கழிந்த இரவுகள் வாழ்க்கையின் பெரும் பேறு. மேசைக்கு மேலே தாழத் தொங்கிய நீண்ட விளக்கும், அந்த வெளிச்சத்துக்குள் நீண்டு மடங்கும் கைகளும், சுவர்ப் பலகையில் பித்தளை முள்ளைத் தள்ளிப் புள்ளி சொல்லும் மார்க்கரின் குரலும் இன்றும் எனக்குத் தெளிவாக இருக்கின்றன. 1973இல் எங்கள் நாட்டு வீரர் எம். ஜே. எம். லாபீர் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றபோது, பந்தை அடிக்கும் கோலான கியூவைக் கையால் தொட்டறியாதவர்களும் எங்களிடம் வந்து அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். விளையாடி முடித்து, காலிமுகத்திடலில் கடற்காற்று வாங்கி, வெள்ளவத்தைச் சைவக் கடையில் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பும்போது நகரம் இன்னும் விழித்திருக்கும். அந்த ஆட்டத்தையாவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான், வெளிநாட்டில் உள்ளவர்களிடமும் பணம் சேர்த்து மேசை வாங்க முடிவு செய்தோம்.

முதல்முறை பேசியபோது, "ஐயா, நீங்கள் அந்த நாளில் எங்கே விளையாடினீர்கள்?" என்று அந்த வியாபாரி மிகப் பணிவாகக் கேட்டார். அடுத்த முறை பேசும்போது, மேசை அதே மண்டபத்தில் கிடந்ததுதான் என்றார். பின்னர் விசாரித்ததில், இதே படத்தை அனுப்பி, வடமராட்சியில் ஒருவருக்கு வேறொரு கழகத்தின் பெயர் சொல்லப்பட்டிருந்தது.

புரட்டாசியில் லொறி வந்தது. கால்களும் சட்டமும் உண்மையிலேயே பழைய, நல்ல மரம். ஆனால் முழு அளவு மேசையின் தளம் வழக்கமாக ஐந்து கற்பலகைகளால் ஆனது. ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. வந்த பலகைகளையோ இரண்டு பொடியன்கள் படியேற்றி உள்ளே கொண்டுபோனார்கள். இது கல்தானா என்று நாங்கள் கேட்டபோது, புதுவகை மெல்லிய சிலேட் என்று பதில் வந்தது. நாங்கள் மேலும் பார்ப்பதற்குள் பச்சைத் துணியை இழுத்து அடித்து, மீதிப் பணத்தையும், பேசாத பொருத்துக்கூலியையும் வாங்கிக்கொண்டு அன்றே புறப்பட்டுவிட்டார்கள். பற்றுச்சீட்டில் "ஸ்னூக்கர் மேசை ஒன்று" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் உண்மை வெளியே வந்தது. பந்து விழும் நடுப் பொக்கெட்டுக்கு அருகே துணியின் கீழ் ஒரு வரம்பு எழும்பி, மெதுவாக உருட்டிய வெள்ளைப் பந்து அதில் ஏறித் துள்ளி விலகியது. ஒரு மூலையில் துணியைக் கிளப்பிப் பார்த்தோம். சாம்பல் நிறப் பூச்சை நகத்தால் சுரண்ட, உள்ளேயிருந்து ஈரமான மரத்தூள் உதிர்ந்தது. தூளை அழுத்திச் செய்த பலகைக்குக் கல்லின் நிறம் பூசியிருந்தார்கள். கம்பளித் துணி என்று விலை சொன்னதிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்தினோம். கம்பளியாக இருந்தால் மயிர் கருகும் மணம் வரும், இதுவோ பிளாஸ்டிக்காக உருகிச் சொட்டியது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குப் பணம் போனதைவிட வேதனையாக இருந்தது.

ஆகவே, யார் விற்றாலும், துணி அடிப்பதற்கு முன் மேசைக்குக் கீழே குனிந்து பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூச்சில்லாத இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கல்லின் தடிப்பு ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பந்துகளையும் அளந்து பாருங்கள். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீற்றர், எங்களுக்கு வந்த பெட்டியில் பூல் ஆட்டத்துக்குரிய பெரிய பந்துகளும் கலந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றுச்சீட்டில் "சிலேட் தளம், கம்பளித் துணி" என்று எழுதிக் கையொப்பமிடாதவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

வியாபாரி இப்போது எங்கள் அழைப்புகளை எடுப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், படங்களையும் பற்றுச்சீட்டையும் இணைத்து உரிய காலத்துக்குள் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். அவரிடம் ஏமாந்த மற்றவர்களும் காலம் கடத்தாமல் முறையிட்டால் எங்கள் முறைப்பாடும் வலுப்பெறும். யாழ்ப்பாணத்தில் எவராவது மேசை இறக்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் சொல்லியனுப்புங்கள். நானும் என் நண்பர்களும் வந்து பார்த்துத் தருவோம்.