இரண்டாவது ஜெய்ப்பூர் கால்: ஆறு வருடப் பாவனைக்குப் பிறகு

சீனி வருத்தத்தால் போன மாதம் ஒரு காலை எடுத்த பக்கத்துக் காணித் தம்பி, ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்துக் கேட்டான்: "அண்ணை, கால் போடலாமோ, இல்லாட்டி ரெண்டு தடியோட சமாளிக்கலாமோ?" அப்போது நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியில்லை. அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

எனக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் 2009இல் போனது. எப்படி என்று வன்னியில் யாரும் கேட்பதில்லை. இது இரண்டாவது பொய்க்கால். இடையில் பாதத்தை மட்டும் ஒருமுறை மாற்றினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968இல் ஜெய்ப்பூரில் இதை உருவாக்கிய கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் சப்பாத்துப் போடாத ஆட்களை நினைத்துச் செய்திருக்கிறார்கள். றப்பர் பாதம் வளைந்து கொடுக்கும். குந்தலாம், சேற்று வயலில் இறங்கலாம். ஒரு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய் வெறுங்காலுடன் சனத்துக்குள் நிற்கிறேன், பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் அந்தப் பாதத்தை மிதித்துவிட்டு, "ஐயோ தம்பி, நொந்துபோச்சே?" என்றா. "ஓம் அம்மா, கொஞ்சம்" என்றேன். வீடு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

இனி வேர்வை. கால் இறங்கும் கிண்ணம் தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக். காற்றுப் போக வழியே இல்லை. சித்திரை வெயிலில் எட்டு மணிக்குப் போட்ட சொக்ஸைப் பத்து மணிக்குப் பிழிந்தால் தண்ணீர் வடியும். ஈரச் சொக்ஸ் சுருண்டு ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு சரியாக எலும்பு முனையில் போய் இருந்துகொள்ளும். கச்சான் தோட்டத்தில் நாலு வரிசை புல்லுப் பிடுங்கி முடிப்பதற்குள் கிண்ணம் வழுக்கித் திரும்பி, முழங்கால் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் பார்க்கும். நாளுக்கு மூன்று சொக்ஸ் வேண்டும். கடைச் சொக்ஸ் சரிவராது, குதிக்கால் தையல் புண்ணாக்கிவிடும். பவுடர் போடு என்பார்கள். எனக்கு அது வேர்வையோடு சேர்ந்து களியானதுதான் மிச்சம். இப்போது பழைய பனியன் துணியில் மனைவி தைத்துத் தருகிறா. இத்தனை வருடத்தில் இந்தக் காலுக்குக் கிடைத்த ஒரே நல்ல உதிரிப்பாகம் அதுதான்.

இரவு நோவு வேறு கதை. இல்லாத பெருவிரலை யாரோ குறட்டால் பிடித்துத் திருகுவார்கள். கிளினிக்கில் தரும் கபாபென்டின் நோவைக் கொஞ்சம் குறைக்கும், விடியத் தலையைச் சுற்ற வைக்கும். தமிழ்நாட்டில் பிறந்த மூளை ஆய்வாளர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலின் பிம்பத்தை இல்லாத காலாக நினைத்து விரலை அசைக்க வேண்டும். அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன் என்று வீட்டில் ஒரே ஏச்சு. ஆனால் சில இரவுகளில் கேட்கிறது.

அப்புறம் கொடுப்பனவு. 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித் திட்டம் வந்தபோது என்னைப் போன்றவர்களுக்கு மாதம் 5000 ரூபா, 2024இல் 7500, 2025இல் 10,000. ஒழுங்காக வந்தால் பஸ்ஸுக்கும் மருந்துக்கும் ஓடும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருமுறை விபரம் சரிபார்க்க வந்த உத்தியோகத்தர் என்னைக் கண்டது கிணற்றடியில். குந்தியிருந்து சட்டி மினுக்கிக்கொண்டிருந்தேன். "நல்லா குந்துறீங்கள், நடக்கிறீங்கள். வேலை செய்யலாம்தானே?" செய்கிறேன்தான் ஐயா, மறுநாள் படுத்துக் கிடக்கிறேன் என்றேன். அவர் நிரப்பிய தாளில் நோவுக்கென்று ஒரு கூடு நான் காணவில்லை. மூன்று மாதம் காசு நின்றது.

மேன்முறையீட்டுக்குக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தடியோடு போனேன். கதிரை எடுத்துப் போட்டார்கள். ஒரு கேள்வி இல்லை, ஐந்து நிமிடத்தில் கையெழுத்து. அவர்களையும் பேசி என்ன, ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்களோ. இருந்தாலும் வீட்டுக்கு வந்து அந்தக் காலைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தம்பி, நீ கால் போடு. வீக்கம் வற்றும்வரை பொறு, அவசரப்படாதே. சீனிக்காரனுக்குப் புண் வந்தாலும் நோகாது, அதனால் ஒவ்வொரு இரவும் சின்னக் கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் பார். ஐந்துக்கு எத்தனை என்று போன கிழமை கேட்டிருந்தால் நாலரை என்றிருப்பேன். இன்று எலும்பு முனையில் தோல் உரிந்து மூன்றாம் நாள். ஒன்று. அதுவும் மனைவி தைத்த சொக்ஸுக்கு.

கொடுப்பனவு விசயமாகத் திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் புண் ஆறினாலும் கால் கதவுக்குப் பின்னால்தான் நிற்கும்.