கோவக்கார அண்ணன் காரா, மினிபஸ் டாக்ஸியா?

தென்னாப்பிரிக்கால, சாட்ஸ்வர்த்ல இருந்து டர்பனுக்கு தினம் லிஃப்ட் குடுக்குற ஆபீஸ் அண்ணன், ஹிகின்சன் ஹைவேல யாராச்சும் குறுக்க வந்தா போதும், ஹாரன்ல வச்ச கைய எடுக்காம முன்னாடி வண்டி பம்பர ஒட்டியே போவாரு, 100 கி.மீ. வேகத்துல ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் ஓடுது, நான் இந்தப் பக்கம் இல்லாத பிரேக்க மிதிச்சுட்டு உக்காந்திருப்பேன்.

காசு: கார்னா பெட்ரோல் செலவுல நம்ம பங்கு மட்டும். டாக்ஸினா, அதான் பல பேர் சேர்ந்து போற ஷேர் வேன்னா, தினம் ரேண்ட் எண்ணணும்.

நிம்மதி: டாக்ஸிக்காரரும் சாது இல்லதான், ஆனா மறுநாள் அவர் மூஞ்சில முழிக்க வேணாம்.

பேசறது: ஓடுற கார்ல புத்தி சொன்னா எரியிறதுல எண்ணெய். "விடுங்கண்ணே, போகட்டும்", அவ்ளோதான். மீதிய டீ டைம்ல சொல்லுங்க.

சொன்னா கேக்குற ஆளுன்னா கார். ரோபோட்ல, அதான் சிக்னல்ல, எறங்கி சண்டைக்குப் போற ஆளுன்னா டாக்ஸிதான், எதிராளி கையில துப்பாக்கி இருக்கலாம்.